ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கவிஞன்: ஏமாற்றுப் பதிப்புகளின் சின்ன வரலாறு

இந்த வாரம் மலைக்கோட்டையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது எங்கும் ஓடிவிடாது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இடையில் வேறொரு விஷயம் வந்து குறுக்கே உட்கார்ந்துவிட்டது. வெட்கமான விஷயம்தான். ஆனால் சொல்லாமல் வைத்திருந்தால் இன்னும் நாலு பேர் ஏமாறுவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கவிதைப் போட்டிக்கு எழுதி அனுப்பினேன். யார் நடத்தினார்கள் என்ற விவரம் இங்கே வேண்டாம். அனுப்பிய நாலாம் நாளே பதில் வந்தது. வந்து குவிந்த கவிதைகளில் என்னுடையது தேர்வாகிவிட்டதாம், பதிவுக் கட்டணம் 500 ரூபாய் கட்டினால் போதுமாம். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கட்டினேன். பத்து நாள் கழித்து அடுத்த செய்தி. தொகுப்பு நூலில் கவிதை வர வேண்டும் என்றால் 1,500 ரூபாய். அதற்கு இரண்டு பிரதி, ஒரு கேடயம், சான்றிதழ், மேடையில் பொன்னாடை. அம்மாவிடம் கேட்டேன். கவிதை என்னவென்றுகூடக் கேட்காமல், "சீட்டுப் பணம் இருக்கு, எடுத்துக்கோ"ன்னு சொல்லிவிட்டார். அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நான் கவிஞன் ஆகிவிட்டேன் என்று இருந்தது!

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்தேன். பாலக்கரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் அச்சகம் வைத்திருக்கிறார். ஈய எழுத்துக் கோத்து, ட்ரெடில் மிஷினில் கல்யாணப் பத்திரிகை அடித்த காலத்திலிருந்து இன்றைய ஆஃப்செட் வரை பார்த்தவர். பெருமைக்காகத்தான் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார்.

"எத்தனை பேர் எழுதறாங்க தம்பி?"

"நூறு பேர் பாய்."

"ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஒன்றரை லட்சம். புஸ்தகம் எத்தனை பக்கம்?"

"நூத்தி இருபத்தெட்டு."

"எட்டு ஃபாரம். இருநூத்தைம்பது காப்பி போடுவான். அட்டை, பைண்டிங் எல்லாம் சேத்து இருபதாயிரம் வச்சுக்க. கேடயம் நூறு, பதினஞ்சாயிரம். மண்டபம் பதினஞ்சு. சாப்பாடு பத்து. ஆச்சு அறுபது. மிச்சம் தொண்ணூறாயிரம் எங்க போகுது?"

நான் பேசவில்லை. அவரே சொன்னார்: "நானும் காசு வாங்கிட்டுதான் அச்சடிக்கிறேன். அது கூலி. உன் கவிதை நல்லாருக்குன்னு நான் சொன்னேனா? இவன் கூலியும் வாங்கறான், நல்லாருக்குன்னும் சொல்றான். ரெண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது தம்பி."

என் கட்டுரை மொத்தமும் பாயின் அந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் அது சரியா என்று பார்க்க நான் பழைய கதைகளைப் புரட்டியது. எழுதுகிறவனிடம் காசு வாங்குவது எப்போது ஆரம்பித்தது? வாங்கினாலே ஏமாற்றா? வாங்காவிட்டால் நேர்மையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கையொப்பம் வாங்கிய காலம்

முதலில் நம் ஊர்க்காரரிடமிருந்தே தொடங்குகிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-ல் திருச்சி வட்டாரத்தில் பிறந்தவர், திருச்சியில் வெகுகாலம் குடியிருந்து பாடம் சொன்னவர். 1876-ல் காலமானார். அவர் காலத்தில் பதிப்பாளர் என்று இன்று நாம் சொல்கிற ஆள் கிடையாது. ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலுக்குத் தலபுராணம் வேண்டும் என்று கேட்பார்கள். புலவர் பாடித் தருவார். அரங்கேற்றம் நடக்கும், சம்மானம் கிடைக்கும். காசு ஊரிலிருந்து புலவரிடம் வந்தது.

ஆனால் அந்தக் காலத்திலும் புலவருக்கு ஒரு நஷ்டம் உண்டு. பணத்தில் அல்ல, பெயரில். பெங்களூரில் இருந்த வல்லூர் தேவராச பிள்ளை என்பவர் இவரிடம் பாடம் கேட்டவர், செல்வர், ஆசிரியரை நன்றாகவே ஆதரித்தவர். 'குசேலோபாக்கியானம்' என்ற நூல் தேவராச பிள்ளையின் பெயரில்தான் வெளிவந்தது. அதைப் பாடியது மீனாட்சிசுந்தரம் பிள்ளையே என்று அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் ஆசிரியரின் சரித்திரத்தில் எழுதிவைத்தார். அந்தச் சரித்திரம் வந்தது 1933, 1934-ல். ஆசிரியர் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! மாணவர் ஒருவர் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. எழுதிவைக்க மாணவர் இல்லாத புலவர்கள் எத்தனை பேரோ.

அடுத்து அந்த மாணவரின் கதை. உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இன்றைய கணக்கில் அதை 'சொந்தப் பதிப்பு' என்றுதான் சொல்ல வேண்டும். புத்தகம் வருவதற்கு முன்பே, 'எனக்கு ஒரு பிரதி வேண்டும்' என்று பலரிடம் கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சென்னைக்குப் போய் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து புரூஃப் திருத்தினார். பணமுடை கூடவே வந்தது. இதையெல்லாம் அவரே 'என் சரித்திர'த்தில் விவரமாகச் சொல்கிறார்.

இதில் யாரும் அவரை ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். அச்சுக்கூடம் அச்சடித்த கூலியை வாங்கியது. 'உம்முடைய நூல் ஆயிரத்தில் ஒன்று' என்று புகழ்ந்து காசு கேட்கவில்லை. கையொப்பம் போட்டவர்களும் புத்தகத்துக்காகத்தான் போட்டார்கள். யார் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே, சொந்தக் காசில் புத்தகம் போடுவது கேவலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கேவலம் என்றால் நமக்குச் சிந்தாமணி அச்சில் வந்திருக்காது.

பாரதியும் அதே வழியை முயன்றார். 1920-ல் கடையத்திலிருந்து ஒரு பெரிய திட்டம் போட்டார். தன் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட வேண்டும் என்றார். மொத்தம் நாலு லட்சம் பிரதிகள்! மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல வீட்டுக்கு வீடு போகும் என்று நம்பினார். முதலுக்கு நண்பர்களிடம் கடன் கேட்டார். கிடைக்கவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் இறந்துபோனார். அவர் கேட்டது நன்கொடைகூட இல்லை, கடன். அதையும் ஒளித்துக் கேட்கவில்லை.

ஒரு கையெழுத்தின் விலை

காசு கேட்பது மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாரதி இறந்த பிறகு நடந்ததைப் படித்ததும் அந்த எண்ணம் மாறிவிட்டது. காசு கொடுக்கிறவர்களிடமும் ஜாக்கிரதை வேண்டும். கையெழுத்து வாங்குவதும் காசு வாங்குவது போலத்தான்.

கணவர் போன பிறகு செல்லம்மா பாரதி 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் 1922-ல் நூல்களை வெளியிட்டார். தொடர்ந்து நடத்த முடியவில்லை. குடும்பத்துக்குப் பணத்தேவை. பதிப்புரிமை 1931-ல் பாரதியின் தம்பி சி.விசுவநாதனுக்கு 4,000 ரூபாய்க்குப் போனது. அவருடைய பாரதி பிரசுராலயம் நூல்களை ஒழுங்காகக் கொண்டுவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் உரிமை என்பது ஒரே பொருள் இல்லை. புத்தகமாகப் போடும் உரிமை ஒன்று. பாட்டாக ஒலிபரப்பும், இசைத்தட்டில் பதியும் உரிமை வேறொன்று. அந்த இரண்டாவது உரிமை 1934-ல் சென்னையில் சுராஜ்மல் என்ற நகை வியாபார நிறுவனத்தாரிடம் 450 ரூபாய்க்குப் போனது. 450! அன்றைக்கு அதன் மதிப்பு யாருக்கும் தெரியவில்லை. பேசும்படம் தமிழில் வந்தே மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. 1940-களில் அதே உரிமையை ஏவி.மெய்யப்பச் செட்டியார் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்களை டி.கே.பட்டம்மாள் பாடி, நாடே கேட்டது. பதின்மூன்று வருஷத்தில் விலை இருபது மடங்குக்கு மேல் ஏறியது. அதில் ஒரு பைசாகூட செல்லம்மாவுக்கு இல்லை.

அதன் பிறகு 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். உரிமை எங்களுடையது என்று வழக்கு வந்தது. பாரதி பாட்டைப் பாடத் தமிழனுக்கு அனுமதிச் சீட்டா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். நாரண துரைக்கண்ணன் போன்றவர்கள் முன்னால் நின்று பாரதி விடுதலைக் கழகம் அமைத்தார்கள். நம் திருச்சியில் 'சிவாஜி' இதழை நடத்திய திருலோக சீதாராமும் அந்த முயற்சியில் இருந்தார். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமைகளைப் பெற்றது. ஏவி.எம். தன்னிடமிருந்ததைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாவுக்கும் இரண்டு பெண்களுக்கும் தலா 5,000 ரூபாயும் கிடைத்தன.

இந்தக் கதையில் வில்லன் இல்லை. வாங்கியவர்கள் சட்டப்படிதான் வாங்கினார்கள். விற்றவர்களுக்கு என்ன விற்கிறோம் என்று தெரியவில்லை, தேவை கழுத்தைப் பிடித்தது. அவ்வளவுதான். நேர்மையான விற்பனையிலேயே இவ்வளவு போகும் என்றால், ஏமாற்றுகிறவன் நீட்டும் தாளில் எவ்வளவு போகும்?

சீல் வைத்த விடை

இப்போது போட்டிகளின் கதை. இது எனக்கே புதிதாக இருந்தது.

1930-களில் ஆனந்த விகடன் உட்பட பல பத்திரிகைகள் பரிசுப் போட்டிகள் நடத்தின. குறுக்கெழுத்துப் போட்டி என்றால் ஜனங்கள் பைத்தியமாக இருந்த காலம். இந்தியா முழுக்கவே அப்படித்தான். கட்டணம் கட்டிக் கூப்பனைப் பூர்த்திசெய்து அனுப்ப வேண்டும். பெரிய தொகை பரிசு.

பெங்களூரில் அச்சான ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் ஆர்.எம்.டி.சமர்பாக்வாலா என்பவர் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த மாதிரிப் போட்டிகளில் ஒரு தந்திரம் உண்டு. குறிப்பைப் படித்தால் இரண்டு சொற்கள் பொருந்தும். இரண்டும் சரியாகவே இருக்கும். ஆனால் நடத்துகிறவர் முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்து, சீல் வைத்து வைத்திருப்பார். அவர் மனதில் இருந்த சொல்லோடு உங்கள் சொல் ஒத்துப்போனால் பரிசு. அறிவுப் போட்டி மாதிரி தெரியும், உள்ளே பார்த்தால் லாட்டரி.

1955-ல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்துக்கும் அது பொருந்தியது. எழுத்து, சொல், எண் புதிர்ப் போட்டிகளில் ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வரும் விடைகள் 2,000-ஐத் தாண்டக் கூடாது, அதற்கும் உரிமம் வேண்டும். 1957 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலும் அதிர்ஷ்டத்தை நம்பிய போட்டி சூதாட்டமே, சூதாட்டத்துக்கு வியாபாரம் என்ற பாதுகாப்பு கிடையாது. திறமையை நம்பிய போட்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இங்கேதான் கவிதைப் போட்டிக்காரர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். கவிதை திறமைதானே! ஆனால் தேர்வு என்ற ஒன்று உண்மையில் நடந்தால்தானே அது திறமைப் போட்டி? அனுப்பிய எல்லோருமே தேர்வாகிறார்கள் என்றால் அங்கே திறமையும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. ரசீது மட்டும்தான் இருக்கிறது. குறுக்கெழுத்தில் உங்கள் விடையையாவது சீல் பிரித்துப் பார்த்தார்கள். என் கவிதையை யாராவது படித்தார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

அமெரிக்காவில் நடந்த இரண்டு கூத்து

இதே வித்தை அமெரிக்காவில் பெரிய தொழிற்சாலை மாதிரி நடந்தது. மேரிலாந்து மாநிலத்தில் 1982-ல் தொடங்கிய 'இன்டர்நேஷனல் லைப்ரரி ஆஃப் பொயட்ரி' என்ற நிறுவனம் இலவசக் கவிதைப் போட்டி நடத்தியது. எழுதிய எவருக்கும் 'அரையிறுதிக்குத் தேர்வு' என்று கடிதம் வரும். பிறகு உங்கள் கவிதை வரும் தொகுப்பை ஏறக்குறைய 50 டாலருக்கு நீங்களே வாங்கலாம்! சிலருக்குச் சந்தேகம் வந்து, வேண்டுமென்றே அர்த்தமே இல்லாத உளறலை எழுதி அனுப்பினார்கள். அதுவும் தேர்வானது. டேவிட் டாப் என்ற கவிஞர் 'வெர்கிள் ஃப்ளாம்ப்' என்ற கிறுக்குப் பெயரில் அப்படி அனுப்பியதை நினைத்து, இன்றும் அந்தப் பெயரில் ஒரு நகைச்சுவைக் கவிதைப் போட்டி நடக்கிறது. அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்பது கூடுதல் தமாஷ்.

இரண்டாவது கூத்து இன்னும் சுவாரஸ்யம். அதே மேரிலாந்தில் 'பப்ளிஷ் அமெரிக்கா' என்று ஒரு நிறுவனம். எழுதுகிறவனிடம் முன்பணம் கேட்க மாட்டார்கள். மாறாக அவர்களே ஒரு டாலர் முன்பணம் கொடுத்து ஏழு வருஷத்துக்கு உரிமையை எழுதி வாங்குவார்கள். 'நாங்கள் தேர்ந்தெடுத்துப் போடுகிற நிறுவனம்' என்று பெருமை வேறு. உண்மையில் புத்தகத்தை வாங்குகிறவர்கள் எழுதியவரும் அவருடைய சொந்தக்காரர்களும்தான்.

அந்த நிறுவனம் அறிவியல் புனைகதை எழுத்தாளர்களை மட்டமாகப் பேசியது. உடனே ஜேம்ஸ் மெக்டொனால்ட் என்ற எழுத்தாளர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, உலகிலேயே மோசமான நாவல் ஒன்றை எழுத முடிவு செய்தார். ஆளுக்கு ஓர் அத்தியாயம், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஓர் அத்தியாயம் காணவே காணோம். ஓர் அத்தியாயம் இரண்டு இடத்தில் அப்படியே வரும். இன்னொன்றைக் கம்ப்யூட்டர் கன்னாபின்னாவென்று உருவாக்கியது. நாவலின் பெயர் 'அட்லாண்டா நைட்ஸ்', ஆசிரியர் பெயர் 'டிராவிஸ் டீ' (ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னால் 'கேலிக்கூத்து' என்று வரும்). 2004 டிசம்பரில் நாவல் ஏற்கப்பட்டது! 2005 ஜனவரியில் உண்மையை வெளியே சொன்னதும், இன்னொரு முறை படித்துப் பார்த்ததாகச் சொல்லி நிறுவனம் பின்வாங்கியது. இன்னொரு முறையா? முதல் முறை எப்போது?

அந்த மெக்டொனால்ட் சொன்ன ஒரு விதி எழுத்தாளர்களிடையே பிரபலம். காசு எழுத்தாளனை நோக்கி வர வேண்டும் என்பதே அது. நல்ல விதிதான். ஆனால் நம் கதைக்கு அப்படியே பொருந்தவில்லை. உ.வே.சா.விடமிருந்து காசு வெளியே போனது, ஏமாற்று இல்லை. பப்ளிஷ் அமெரிக்காவில் ஒரு டாலர் உள்ளே வந்தது, நேர்மை இல்லை. ஆகவே நான் பாயின் விதியையே வைத்துக்கொள்கிறேன். அச்சடித்துக் கொடுக்கிறவன், அச்சடிக்கிறவனாக வரட்டும். தேர்ந்தெடுக்கிறவன், தேர்ந்தெடுக்கிறவனாக வரட்டும். ஒரே ஆள் இரண்டு வேஷமும் போட்டால் அங்கே புத்தகத்தின் வாடிக்கையாளர் வாசகர் இல்லை, நீங்கள்தான்.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்று பேர் மீது குற்றச்சாட்டு வந்தது. புத்தகம் எழுதிய முதியவர்களைக் கூப்பிட்டு, 'உங்கள் கதையைப் படமாக்கப் போகிறோம், பெரிய பதிப்பகம் கேட்கிறது, அதற்கு முன் இந்தக் கட்டணம்' என்று 800-க்கும் மேற்பட்டவர்களிடம் 4 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியதாக வழக்கு.

நம்ம ஊரில் நடந்த நல்லதும் உண்டு

எல்லாப் போட்டியும் மோசம் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ராஜம் கிருஷ்ணன் தெரியும்தானே? 1925-ல் நம் முசிறியில் பிறந்தவர். 1950-ல் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகை நடத்திய உலகச் சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்றார். 1953-ல் 'பெண்குரல்' நாவலுக்குக் கலைமகள் பரிசு. நேர்மையான போட்டிகள் ஓர் எழுத்தாளரை வெளியே கொண்டுவரும் என்பதற்கு அவரே சாட்சி.

அதே 1953-ல் ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவரின் முதல் கதை திருச்சியிலேயே அச்சானது. வெளியிட்டது மேலே சொன்ன திருலோக சீதாராமின் 'சிவாஜி'. அந்தப் பையன் எஸ்.ரங்கராஜன், நம் சுஜாதா. பின்னாளில் அந்த இதழின் பிரதி தன்னிடமே இல்லை, கண்டுபிடித்துத் தருகிறவர்களுக்குப் பெரிய பரிசு உண்டு என்று விளையாட்டாக எழுதினார். கேடயமோ, பொன்னாடையோ, பிரதிகூட மிச்சமில்லை. ஆனால் ஓர் ஆசிரியர் படித்துப் பார்த்து, போடலாம் என்று முடிவு செய்தார். ஆரம்பிக்கிறவனுக்கு வேண்டியது அந்த ஒரு வாசகர்தான் என்று இப்போது தோன்றுகிறது. பாரதியின் உரிமைக்காக அலைந்த மனிதரே சுஜாதாவின் முதல் கதையையும் போட்டார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்.

சரி, என்ன செய்யலாம்?

இதோ நான் தெரிந்துகொண்டவை. நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

1. போட்டி என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். நடுவர்கள் யார்? எத்தனை பேருக்குப் பரிசு? போன முறை வென்றவர்கள் யார், அவர்கள் எழுத்தை எங்கே படிக்கலாம்? சிறிய நுழைவுக் கட்டணத்தை முன்பே அறிவித்து வாங்கும் நல்ல போட்டிகளும் உண்டு. ஆனால் 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று சொன்ன பிறகு வருகிற கட்டணம் கட்டணமே இல்லை, தூண்டில்.

2. தேர்வுச் செய்தியில் உங்கள் கவிதையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். எனக்கு வந்ததில் என் தலைப்புகூட இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

3. சொந்தச் செலவில் புத்தகம் போட ஆசையா? தாராளமாகப் போடுங்கள். ஆனால் நேரே அச்சகத்துக்குப் போங்கள். எத்தனை ஃபாரம், என்ன தாள், எத்தனை காப்பி, என்ன பைண்டிங் என்று விலைப்பட்டியல் வாங்குங்கள். இரண்டு மூன்று அச்சகத்தில் கேளுங்கள். நூறு பேர் வாங்குவார்களா என்று முன்கூட்டியே பெயர் எழுதிப் பாருங்கள். உ.வே.சா. கையொப்பம் வாங்கினார், நமக்கென்ன கூச்சம்?

4. 'ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தருகிறோம், அதற்கு இவ்வளவு' என்று சொன்னால் சிரித்துவிடுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள அரசு அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. மேலும் அந்த எண் புத்தகத்துக்கு அடையாளம்தான், தரச் சான்று இல்லை.

5. எழுதிய நிமிடமே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது பொய். வேண்டுமானால் பதிவு செய்யலாம், இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். (என் 500-ஐ அங்கேயாவது கட்டியிருக்கலாம்.) அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுதும், அதற்குப் பின் 60 வருஷமும் நிற்கும்.

6. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருஷம் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது உங்களிடமே திரும்பிவிடும். ஆகவே 'நிரந்தரமாக', 'எல்லா வடிவங்களிலும்', 'உலகம் முழுவதும்' என்ற மூன்று சொற்களைத் தாளில் பார்த்தால் நின்று மூச்சு விடுங்கள். 450 ரூபாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

7. பணம் போய்விட்டதா? இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் சொல்லலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நான் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதைச் செய்யாதீர்கள்.

முடிக்கும் முன்

நான் 1,500 ரூபாயைக் கட்டவில்லை. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். 500 போன கதையையும் சேர்த்துத்தான். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தக் கவிதையைக் குடு, படிக்கிறேன்" என்றார். படித்தார். இரண்டாவது பத்தி புரியவில்லை என்றார். எனக்கும் இப்போது படித்தால் புரியவில்லை :-)

எங்கள் வகுப்பிலேயே இன்னும் இரண்டு பேர் முழுப் பணமும் கட்டியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கேடயம் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அப்பா அம்மா வருகிறவர்களிடம் காட்டுகிறார்கள். அவர்களிடம் போய் 'உன்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்று சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்களும் சிரிக்காதீர்கள். அவர்கள் கவிதை மோசம் என்று யாரும் சொல்லவில்லை. அதை யாரும் படிக்கவே இல்லை, அதுதான் அநியாயம். வாங்கிப் படித்துப் பாருங்கள். நான் படித்தேன். ஒருவன் எழுதியது என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அவனிடமே சொன்னேன். கேடயம் வாங்கின அன்றுகூட இவ்வளவு சந்தோஷமில்லை என்றான்.

என் கவிதையின் இரண்டாவது பத்தியைத் திருத்தி, கட்டணம் கேட்காத ஒரு சிற்றிதழுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. நாலாம் நாளே பதில் வராததில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி. யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் நிச்சயம் மலைக்கோட்டை.